முளை, புளிப்பு, பாகு: வீட்டுச் சத்துப் பானங்களும் உருண்டைகளும்

வீட்டில் கஞ்சி, கூழ், உருண்டை என்று சத்தாகச் செய்துதர மூன்று வேலைகள் கைவந்தால் போதும். தானியத்தை முளைகட்டி மாவாக்குவது, வெந்த தானியத்தைப் பக்குவமாகப் புளிக்கவிடுவது, வெல்லப் பாகின் பதம் பார்ப்பது. கஞ்சி கட்டி தட்டுவதும், மாவு கசந்துபோவதும், உருண்டை பிடிக்க வராமல் உதிர்வதும் பெரும்பாலும் இந்த மூன்றில் எங்கோ அவசரப்பட்டதால்தான். பொருட்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட இந்த மூன்றையும் சரியாகச் செய்வதில்தான் பலன் இருக்கிறது. இங்கே ஒரு கப் என்றால் 200 மில்லி டம்ளர்.

முளைகட்டிய கேழ்வரகு மாவு

கேழ்வரகு 1 கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி களைவதுபோல் களைந்தால் இதிலுள்ள மண் போகாது, அரிக்க வேண்டும். அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, சுழற்றிச் சுழற்றித் தானியத்தை மட்டும் இன்னொரு பாத்திரத்துக்குச் சாய்த்துவிடுங்கள். மண்ணும் பொடிக்கல்லும் அடியில் தங்கிவிடும். தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை இப்படிச் செய்யுங்கள். இந்த வேலையைச் சுருக்கினால் மாவு அரைத்த பிறகும் கஞ்சியில் நறநறக்கும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

10 முதல் 12 மணி நேரம் ஊறட்டும். நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஊறியதும் வடிதட்டில் அரை மணி நேரம் வைத்துச் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடியவிட்டு, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியில் தளர்வாக மூட்டை கட்டுங்கள். ஒரு பாத்திரத்தில் வைத்து மூடி, காலை மாலை லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். கோடையில் 24 மணி நேரத்தில் முளை வந்துவிடும். மார்கழிக் குளிரில் 36 மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். முளை அரை சென்டிமீட்டர் வந்தால் போதும். அதற்கு மேல் வளரவிட்டால் தானியத்தின் மாவுச்சத்தை முளையே தின்றுவிடும், மாவும் குறையும், லேசான கசப்பும் ஏறும்.

முளையின் நுனியில் வெள்ளையாகப் பஞ்சுபோல் தெரிவது பல நேரம் வேர்த் தூவிதான், பயப்பட வேண்டாம். வாடையை வைத்துப் பிரித்தறியலாம். நல்ல முளைப்பு பச்சைப் புல் வாசம் அடிக்கும். பூஞ்சை பிடித்திருந்தால் முடைவாடை வரும், தானியங்களுக்கு நடுவே சிலந்தி வலைபோல் இழை ஓடியிருக்கும். தொட்டால் வழவழப்பாகி, புளித்த நாற்றம் வந்தாலும் கெட்டுவிட்டது என்று பொருள். தண்ணீர் சரியாக வடியாததும், மூட்டையை இறுக்கிக் கட்டியதும் இதற்குக் காரணம். அப்படி ஆனதைக் கழுவிப் பயன்படுத்தாதீர்கள், முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

முளைத்ததை வெள்ளைத் துணியில் மெல்லிய பரப்பாக விரித்து, ஒன்றிரண்டு நாள் நன்றாகக் காயவிடுங்கள். பல்லில் கடித்தால் கடுக்கென்று உடைய வேண்டும். பிறகு அடிகனமான வாணலியில் கால் கிலோ அளவாகப் போட்டு, சிறு தீயில் நான்கைந்து நிமிடம் கை விடாமல் வறுங்கள். சூடேறி வாசம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். பொரியும்வரை விடக்கூடாது. சூடு ஆறியதும் இரு கைகளாலும் தேய்த்தால் காய்ந்த முளை உதிரும். முறத்தில் புடைத்து நீக்கிவிட்டு அரைக்கக் கொடுங்கள். 1 கிலோவுக்கு 800 கிராம் அளவில் மாவு கிடைக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், முளைக்கும் தானியம் தன்னிடமுள்ள மாவுச்சத்தைத் தானே உடைப்பதற்காக அமைலேஸ் என்ற நொதியை உண்டாக்குகிறது. அந்த நொதி இருக்கும் மாவில் கஞ்சி காய்ச்சினால் இறுகாது, நெகிழ்வாக இருக்கும். சாதா கேழ்வரகு மாவு ஒரு கரண்டி போட்டாலே கெட்டியாகிவிடும் இடத்தில், இதில் ஒன்றரைக் கரண்டி போட முடியும். சிறு வயிறுள்ள குழந்தைக்கு அதே கிண்ணத்தில் கூடுதல் உணவு போகிறது. அதோடு, இரும்பு, துத்தநாகம் போன்ற தாதுக்களை உடல் உறிஞ்சவிடாமல் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலமும் முளைப்பில் குறைகிறது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, தானியங்களில் இதற்கு நிகர் இல்லை. வறுக்கும்போது தீயைக் கூட்டினால் நொதி அழிந்துவிடும், முளைகட்டிய பலனில் பாதி போய்விடும். இளஞ்சூட்டில் வறுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சத்துமாவு

இருபத்தைந்து, முப்பது பொருட்கள் சேர்த்த சத்துமாவு என்று பெருமையாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அதில் பெரிய லாபம் இல்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு சூட்டில் வறுபடும். ஒன்று கருகினால் மொத்தமும் கசக்கும். பாதாம், முந்திரி, நிலக்கடலை போன்ற எண்ணெய்ப் பருப்புகளை முதலிலேயே சேர்த்து அரைத்தால் மாவு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். குழந்தைக்கு ஒவ்வாமை வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்கவும் வழியில்லை.

தேவை தானியமும் பருப்பும் சரியான விகிதத்தில் இருப்பதுதான். தானியங்களில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்ற கணக்கில் சேரும்போது புரதம் முழுமையடைகிறது. முளைகட்டிய கேழ்வரகு 500 கிராம், சிவப்பரிசி 150 கிராம், கோதுமை 100 கிராம், பச்சைப்பயறு 150 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், ஏலக்காய் 10, சுக்கு ஒரு சிறு துண்டு. 1 கிலோ மாவுக்கு இது போதும். பச்சைப்பயறையும் முளைகட்டிக் காயவைத்தால் வாயு குறையும். அரிசியும் கோதுமையும் தனித்தனியாகப் பொரியும்வரை வறுபட வேண்டும். பொட்டுக்கடலை ஏற்கெனவே வறுத்ததுதான், வாணலிச் சூட்டில் ஒரு புரட்டு புரட்டினால் போதும். பாதாமும் நிலக்கடலையும் தனியே பொடித்து, பத்து நாளைக்கு ஆகும் அளவு மட்டும் ஃபிரிட்ஜில் வைத்து, கஞ்சி இறக்கும்போது சேருங்கள்.

மாவு மில்லில் முதலில் கேட்க வேண்டியது, இதற்கு முன் என்ன அரைத்தார்கள் என்பதை. மிளகாயோ மல்லியோ அரைத்த கையோடு நம் மாவைப் போட்டால் நெடி ஏறிவிடும். அரிசி மாவுக்கு அடுத்து அரைத்துத் தரச் சொல்லுங்கள். சுடச்சுட வரும் மாவை அப்படியே டப்பாவில் அடைக்காதீர்கள். ஆவி மூடியில் வேர்த்து மாவுக்குள் இறங்கி, ஒரே வாரத்தில் கட்டியும் பூஞ்சையும் வரும். தாளில் பரப்பி முழுக்க ஆறவிட்டு, சலித்து, ஈரமில்லாத பாத்திரத்தில் போடுங்கள். வெளியே ஒரு மாதம், ஃபிரிட்ஜில் மூன்று மாதம் இருக்கும்.

கஞ்சி காய்ச்சுவது

ஒருவருக்கு மாவு 2 மேசைக்கரண்டி, தண்ணீர் ஒன்றேகால் கப். மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் மாவைத் தூவினால் மேல்மாவு உடனே வெந்து உறைபோல் மூடிக்கொள்ளும், உள்ளே பச்சை மாவு கட்டியாக நிற்கும். கரைத்ததைச் சிறு தீயில் மெல்லச் சூடேற்றுங்கள். கொதி வருவதற்கு முன்பான அந்தச் சில நிமிடங்களில்தான் நொதி வேலை செய்கிறது. தீயைக் கூட்டிச் சட்டென்று கொதிக்கவிட்டால் அதற்கு நேரமே கிடைக்காது. கொதித்த பிறகு ஆறேழு நிமிடம் கிளறினால் பச்சை வாசம் போய்ப் பளபளப்பு வரும்.

அரை கப் காய்ச்சிய பாலைக் கடைசியில் சேருங்கள். வெல்லம் போடுவதானால் அடுப்பை அணைத்து, கொஞ்சம் சூடு தணிந்த பிறகே போட வேண்டும். கொதிக்கும் பாலில் வெல்லம் விழுந்தால் திரிந்துபோகும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிப் பாகாக வைத்துக்கொள்வது எளிது. பளிச்சென்று வெளிர் மஞ்சளாக இருக்கும் வெல்லத்தில் நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனம் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். கரும்பழுப்பு வெல்லமே நல்லது.

உப்பு, சீரகத்தூள், மோர் சேர்த்த கஞ்சியும் சத்துமாவில் அருமையாக வரும். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு வெல்லமும் சர்க்கரைதான், அவர்களுக்கு மோர்க் கஞ்சியே சரி. இரத்தச்சோகைக்காகக் கஞ்சி கொடுப்பவர்கள் கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ தாருங்கள். வைட்டமின் சி இரும்பை உடலில் சேர்க்கும். டீ, காபியை ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள்.

குழந்தைக்கு ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்தான். அதன் பிறகும் சத்துமாவுக் கலவையில் தொடங்க வேண்டாம். முளைகட்டிய கேழ்வரகு மாவைத் தனியாக, மெல்லிய துணியில் சலித்து, தண்ணீரில் காய்ச்சி இரண்டு மூன்று கரண்டி கொடுங்கள். மூன்று நாள் ஒத்துக்கொண்டால் அடுத்த பொருளைச் சேருங்கள். ஒரு வயது ஆகும்வரை உப்பு, சர்க்கரை, வெல்லம் வேண்டாம். தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

கம்பங்கூழ்

கம்பு மாவாகக் கடையில் வாங்கியது பல நேரம் கசக்கும். கம்பில் கொழுப்பு அதிகம், கூடவே அந்தக் கொழுப்பைச் சிதைக்கும் நொதியும் இருக்கிறது. அரைத்ததும் இரண்டும் கலந்து, ஓரிரு வாரத்தில் சிக்கு வாடையும் கசப்பும் வந்துவிடும். கம்பை முழுசாக வாங்கி, வேண்டியபோது உடைத்துக்கொள்வதே நல்லது. மாவாகவே வேண்டுமென்றால் முழுக் கம்பைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்து, நன்றாக உலர்த்தி அரையுங்கள், கூடுதல் நாள் தாங்கும்.

ஒரு கப் கம்பில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்துப் பிசிறி, பத்து நிமிடம் கழித்து மிக்ஸியில் விட்டுவிட்டு இரண்டு சுற்று சுற்றுங்கள். உமி கழன்றுவிடும். முறத்தில் புடைத்து உமியை நீக்கி, மீண்டும் ரவைப் பதத்துக்கு உடைத்துக்கொள்ளுங்கள். உமியோடு காய்ச்சினால் தொண்டையில் கரகரக்கும், சிலருக்கு வயிறும் கடுக்கும்.

ஐந்து கப் தண்ணீரில் உப்பு போட்டுக் கொதிக்கவிடுங்கள். உடைத்த கம்பைத் தனியே ஒரு கப் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் தண்ணீரில் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். சிறு தீயில் அரை மணி நேரம் வேக வேண்டும், அடிக்கடி அடிவரை கிளறுங்கள். தண்ணீர்க் கையால் தொட்டால் ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. வேகாமல் இறக்கினால் மறுநாள் புளிப்பு ஏறாது, மாவு வாசமே நிற்கும்.

ஆறியதும் ஆரஞ்சுப் பழ அளவில் உருண்டை பிடித்து, மண்சட்டியில் போட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரை மூழ்கும்வரை ஊற்றி மூடிவையுங்கள். இரவு முழுக்க, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். காலையில் உருண்டையைக் கரைத்து, மோர் விட்டு, சின்ன வெங்காயம் நறுக்கிப்போட்டு, உப்பு பார்த்துக் குடிக்கலாம். ஊறிய தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கொட்ட வேண்டாம். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாவடு, கொத்தவரங்காய் வற்றல்.

அக்னி நட்சத்திர வெயிலில் எட்டு மணி நேரமே தாராளம். அதற்கு மேல் போனால் கடும்புளிப்பாகிவிடும். மிச்ச உருண்டையைக் காலையிலேயே தண்ணீரோடு ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் வரும். நூல் நூலாக இழுத்தாலோ, இளஞ்சிவப்பு நிறம் படர்ந்தாலோ, வாடை புளிப்பைத் தாண்டி அழுகலாக இருந்தாலோ குடிக்கக்கூடாது.

வட மாவட்டங்களில் ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் வார்க்கும் கேழ்வரகுக் கூழ் இரட்டைப் புளிப்பு. முதல்நாள் இரவு மாவைக் கரைத்துப் புளிக்கவிட்டு, மறுநாள் அரிசி நொய்யைக் குழைய வேகவைத்து அதில் அந்தக் கரைசலை ஊற்றிக் களியாகக் கிண்டி, மீண்டும் ஒரு இரவு வைப்பார்கள். அந்தச் சுவை ஒரே இரவில் வராது.

உளுந்தங்கஞ்சி

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் பெண்பிள்ளைகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் முதலில் செய்துகொடுப்பது இதுதான். தோல் உளுந்து அரை கப், பச்சரிசி கால் கப், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, பூண்டு பத்துப் பல். உளுந்தை வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்தால் கொழகொழப்பு குறையும். எல்லாவற்றையும் கழுவி, ஐந்து கப் தண்ணீரில் குக்கரில் ஆறு விசில் விட்டு, மத்தால் கடையுங்கள்.

கருப்பட்டி 120 கிராம் தட்டிப்போட்டு, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டிச் சேருங்கள். கருப்பட்டியில் மண்ணும் சுண்ணாம்புப் படிவும் இருக்கும். ஐந்து நிமிடம் கொதித்ததும் சுக்குத்தூள் போட்டு இறக்கி, அதன் பிறகு ஒரு கப் கெட்டித் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள். அடுப்பில் இருக்கும்போது ஊற்றிக் கொதிக்கவிட்டால் பால் பிரிந்து எண்ணெய் மிதக்கும். நான்கு பேருக்கு வரும். ஆற ஆற இறுகும், வெந்நீர் விட்டுத் தளர்த்திக்கொள்ளலாம்.

மோரும் பானகமும்

பானகத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 150 கிராம் வெல்லம் என்பது பழைய அளவு. அப்படியென்றால் ஒரு டம்ளரில் 30 கிராம் வெல்லம் போகிறது. ராமநவமி அன்று சரி, தினமும் கொடுக்கக்கூடாது. 80 கிராம் வெல்லம், எலுமிச்சை ஒன்றரை, சுக்கு ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் இரண்டு, ஒரு சிட்டிகை உப்பு என்று போட்டால் புளிப்பும் காரமும் எடுத்துக்காட்டும், இனிப்பு குறைவதே தெரியாது. அன்றாட வெயிலுக்கு நீர்மோர்தான். ஒரு கப் தயிருக்கு மூன்று கப் தண்ணீர், இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. இஞ்சியைத் தட்டிப் போட்டு வடிகட்டினால் குழந்தைகள் முகம் சுளிக்காமல் குடிப்பார்கள்.

பாகும் உருண்டையும்

பாகு தெரியாதவர்கள் எள்ளுருண்டையில் தொடங்கலாம், அதற்குப் பாகே வேண்டாம். கறுப்பு எள் 200 கிராமை அரித்து மண் நீக்கி, உலர்த்தி, படபடவென்று வெடிக்கும்வரை மிதமான தீயில் வறுங்கள். வெடிப்பு அடங்கியதும் இறக்க வேண்டும், ஒரு நிமிடம் தாமதித்தாலும் கசக்கும். முழுக்க ஆறிய பிறகு 130 கிராம் பொடித்த வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து, மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டுங்கள். ஒரே ஓட்டமாக அரைத்தால் எண்ணெய் கக்கிச் சாந்தாகிவிடும். கையில் பிடித்தால் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். நிற்காவிட்டால் நெய் ஒரு தேக்கரண்டி சூடாக்கி ஊற்றுங்கள். தண்ணீர் தெளித்தால் இரண்டே நாளில் ஊசிப்போகும்.

கடலை உருண்டைக்குப் பாகு கட்டாயம். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கும் உயிர் அதன் பாகுப் பதம்தான். நிலக்கடலை 250 கிராமை வறுத்துத் தோல் நீக்கிப் பாதியாக உடைத்துக்கொள்ளுங்கள். சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சை தொட்ட பருப்பை முதலிலேயே பொறுக்கி எறியுங்கள். அதிலுள்ள அஃப்ளாடாக்சின் என்ற நச்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

வெல்லம் 160 கிராம், தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி. கரைந்ததும் வடிகட்டி, அடிகனமான பாத்திரத்தில் மிதமான தீயில் காய்ச்சுங்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பச்சைத் தண்ணீர் இருக்கட்டும். ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கரைந்தால் இன்னும் பாகே ஆகவில்லை. விரலால் திரட்டினால் மெத்தென்று உருண்டு வருவது உருட்டுப் பதம், ஏறக்குறைய 115 முதல் 118 டிகிரி, இது அதிரசத்துக்கு. கெட்டியாகி, எடுத்துப் பாத்திரத்தில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்டு, வளைத்தால் மடங்காமல் முறிவதுதான் கடலைக்கு வேண்டிய முறிபதம், 145 டிகிரிக்கு மேல். உருட்டுப் பதத்திலிருந்து முறிபதத்துக்குப் போகும் கடைசிக் கட்டம் வேகமாக நடக்கும், அடுப்பை விட்டு நகராதீர்கள். முன்னதாக இறக்கினால் பல்லில் ஒட்டும். தாமதித்தால் கருகிக் கசக்கும்.

அடுப்பை அணைத்து, கடலையைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூட்டோடு உருட்டுங்கள். கை பொறுக்கும் சூடு சில நிமிடங்களே இருக்கும், இரண்டு பேராக உட்கார்ந்தால் நல்லது. பாதியில் இறுகிவிட்டால் பாத்திரத்தைச் சிறு தீயில் காட்டினால் இளகும். எவ்வளவு காய்ச்சியும் பதம் வராமல் பிசுபிசுத்தால் அது உப்பு வெல்லம், கஞ்சிக்கு வைத்துக்கொண்டு வேறு வெல்லம் வாங்குங்கள். மழைநாளில் செய்ததைச் சூடு ஆறியவுடன் காற்றுப் புகாத டப்பாவில் போடாவிட்டால் ஈரம் இழுத்து ஒட்டும்.

இந்த அளவுக்கு 20 கிராம் உருண்டை இருபது வரும், ஒன்றில் 8 கிராம் வெல்லம் இருக்கும். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு ஒன்று போதும். ஐந்து வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்குக் கடலை உருண்டை கொடுக்காதீர்கள், கெட்டிப் பருப்பு மூச்சுக்குழாயில் சிக்கிவிடும். அவர்களுக்கு வறுத்த கடலையை நைசாகப் பொடித்துக் கஞ்சியில் ஒரு தேக்கரண்டி கலந்து கொடுங்கள். எள்ளுருண்டையையும் உதிர்த்தே ஊட்டுங்கள்.